சுத்தம், கிருமிநீக்கம், ஸ்டெரைல்: மூன்றும் ஒன்றல்ல

சென்ற இதழில் மருந்துச் சீட்டுகளில் காணப்படும் சுருக்கக் குறிகளுக்கு விளக்கம் அளித்திருந்தோம். இவ்விதழில் மருத்துவமனையின் துப்புரவுப் பணியிலும் தொற்றுத் தடுப்பிலும் நாள்தோறும் வழங்கும் சில சொற்களை எடுத்துக்கொள்கிறோம். இவற்றை நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் எதற்காக அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். வார்டில் இருக்கும் வரை இப்பணி பயிற்சி பெற்றவர்களின் பொறுப்பில் இருக்கிறது. வீடு திரும்பும் நாளில் அது மனைவியின் கைக்கோ மகனின் கைக்கோ வந்து சேர்கிறது. கீமோதெரபி பெற்று வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர், சிறுநீரகம் மாற்றப்பட்டவர், வயிற்றில் டயாலிசிஸ் குழாயுடன் வீடு செல்பவர், ஆறாத சர்க்கரைப் புண் உள்ளவர் ஆகியோரைப் பொறுத்தவரை, வீட்டிலுள்ளோர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதும் தொற்றுக்கு வழி திறந்துவிடும்.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசரைக் கிருமிநாசினி என்கிறோம். சாக்கடையோரம் தூவும் பிளீச்சிங் பவுடரும் கிருமிநாசினி. கழிவறைக்கு ஊற்றும் பினாயிலும், அறுவைக்கு முன் தோலில் தடவும் செம்பழுப்பு மருந்தும் அதே பெயரைத்தான் தாங்குகின்றன. கிருமியைக் கொல்வது எதுவாயினும் அதற்கு ஒரே பெயர் என்றாகிவிட்டது. மருத்துவம் இவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உயிருள்ள தோலின் மேலும் புண்ணின் ஓரத்திலும் பயன்படுத்தத் தக்கவை ஆன்டிசெப்டிக் எனப்படும். தரை, கட்டில், பாத்திரம், கருவி போன்ற உயிரற்ற பொருள்களுக்கு உரியவை டிஸ்இன்ஃபெக்டன்ட் எனப்படும். முன்னதைத் 'தோல் கிருமித்தடுப்பி' என்றும் பின்னதைப் 'பொருள் கிருமிநீக்கி' என்றும் இக்கட்டுரையில் குறிக்கிறோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தினால் இரு வகையிலும் கேடுதான். பொருள் கிருமிநீக்கி தோலை அரிக்கும். தோல் கிருமித்தடுப்பி தரையில் போதிய வேலை செய்யாது.

இக்குழப்பம் வீட்டோடு நிற்பதும் இல்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொரோனா பரவிய நாள்களில், திருப்பூரில் ஒரு சந்தையின் வாயிலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளே நடந்து செல்வோர் மீது குளோரின் கலந்த நீர் புகைமூட்டம் போல் தெளிக்கப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்த செயல்தான். பிற ஊர்களும் அதைப் பின்பற்றின. அம்மாதமே மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர் மேல் இவ்வாறு தெளிப்பதைப் பரிந்துரைக்க இயலாது என அறிவுரை வெளியிட்டது. ஆடையின் மேல் விழும் தெளிப்பு உடலுக்குள் சென்றுவிட்ட வைரஸை ஒன்றும் செய்யாது. கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் மட்டும் எரிச்சலூட்டும். தரைக்குரிய பொருளை மனிதருக்குப் பயன்படுத்தியதே அங்கு நேர்ந்த பிழை.

வீடுகளில் இதே பிழை வேறு உருவில் நிகழ்கிறது. புண்ணுடன் வருவோரிடம் விசாரிக்கும்போது, டெட்டாலை நீர் கலக்காமல் பஞ்சில் நனைத்துப் புண்ணின் மேல் வைத்துக் கட்டியதாகப் பலர் சொல்கின்றனர். எரிந்தால் வேலை செய்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த எரிச்சல், கிருமிகளோடு சேர்த்துப் புதிதாக முளைத்துவரும் தோல் செல்களும் அழிவதால் உண்டாவது. டெட்டாலில் உள்ள குளோரோசைலெனால் தோலுக்கு ஏற்றதுதான். ஆயினும் புட்டியின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு நீர் சேர்த்த பின்னரே அது ஏற்றதாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வதும் இவ்வகையைச் சேர்ந்தது. நாள்பட்ட புண்ணை நாள்தோறும் கழுவ, மருத்துவர் வேறொன்றைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாலன்றி, நார்மல் சலைன் போதும். அது கிடைக்காதபோது நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீர் போதும்.

கழுவுதல் முதலில்

'கிளீனிங்' எனப்படும் சுத்தம் செய்தல் என்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் அதனுடன் ஒட்டியுள்ள கிருமிகளையும் நீர், சோப்பு, தேய்ப்பு ஆகிய மூன்றின் துணையால் அகற்றுவதாகும். இங்கே கிருமிகளுள் பெரும்பாலானவை சாவதில்லை. இடம் பெயர்க்கப்பட்டு நீரோடு வெளியேறுகின்றன. சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். எண்ணெய்ப்பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமியை அது பெயர்த்தெடுத்து நீரில் மிதக்கவிடுகிறது. கொரோனா வைரஸ் போலக் கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களின் உறையையே குலைத்தும் விடுகிறது.

'டிஸ்இன்ஃபெக்ஷன்' எனப்படும் கிருமிநீக்கம் இதற்கு அடுத்த படி. எஞ்சியுள்ள கிருமிகளை மருந்தாலோ வெப்பத்தாலோ தீங்கு விளைவிக்காத எண்ணிக்கைக்குக் குறைப்பது அது. அடுத்த படி என்று சொல்வதைக் கவனிக்க வேண்டுகிறோம். வாந்தி, இரத்தம், சீழ், மலம் ஆகியவற்றின் மேல் நேராகக் குளோரின் கரைசலை ஊற்றினால், குளோரினில் பெரும்பகுதி அந்த அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அடியில் உள்ள கிருமிகளை அழுக்கே கவசமாக நின்று காக்கும். எனவே, பத்து ரூபாய் சோப்புத்தூளால் முதலில் கழுவிய தரை, கழுவாமல் விலையுயர்ந்த கிருமிநீக்கி ஊற்றிய தரையைவிடப் பாதுகாப்பானது. வீட்டில் நோயாளி ஒருவரைப் பேணுவோர் இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள விரும்பினால் இவ்வரிசையைக் கொள்ளலாம்: முதலில் கழுவுதல், பிறகு கிருமிநீக்கம்.

இரத்தச் சிதறலுக்கு மட்டும் வார்டில் வேறு முறை கையாளப்படுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். துப்புரவுப் பணியாளர் கையுறை அணிந்து, சிதறலை உறிஞ்சும் தாளாலோ துணியாலோ மூடி, அதன் மேல் 1 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருக்கிறார். அதன் பின்னரே அதை அள்ளி அகற்றி, அவ்விடத்தைக் கழுவித் துடைக்கிறார். இரத்தத்தில் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களோ எச்ஐவியோ இருக்கக்கூடும். அள்ளுபவரின் பாதுகாப்புக்காகவே அந்த முன்னேற்பாடு.

துடைப்பம் கொண்டு பெருக்குவதை வார்டுகளில் அனுமதிப்பதில்லை. பெருக்கும்போது எழும் தூசி காற்றில் மிதந்து, கட்டிலின் மேலும் திறந்திருக்கும் புண்ணின் மேலும் படியும். அதனால் ஈரத்துணியால் துடைக்கிறோம். நோயாளி படுத்திருக்கும் அறையில் வீட்டிலும் இதையே கடைப்பிடிப்பது நல்லது. மாப்பை ஒரே வாளியில் திரும்பத் திரும்ப நனைத்தால் இரண்டாவது அறைக்குப் போகும்போது முதல் அறையின் அழுக்கும் கூடவே போகிறது. 'கிராஸ் கன்டாமினேஷன்' என்பது இதுதான்: அசுத்தம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தப்படுதல். இதைத் தவிர்க்கவே மருத்துவமனையில் மூன்று வாளிகள் தள்ளுவண்டியில் செல்கின்றன. ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் அலசும் நீர், ஒன்றில் கிருமிநீக்கி. வீட்டில் மூன்று வாளிக்கு இடமில்லாவிட்டால் கழிவறைக்கு ஒரு துணி, அறைக்கு ஒரு துணி என்று பிரித்து வைப்பதாவது அவசியம். துடைக்கும் திசைக்கும் முறை உண்டு: மேலிருந்து கீழாக, சுத்தமான பகுதியிலிருந்து அசுத்தமான பகுதியை நோக்கி. தரையைவிடக் கை படும் இடங்களே முக்கியம். கட்டிலின் பக்கக் கம்பி, மின்விசை, கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாயின் திருகு, மருந்துப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பேசி.

வாசனை எதையும் சொல்வதில்லை

பார்வையாளர்களிடமிருந்து எங்களுக்கு வரும் முறையீடுகளுள் ஒன்று, "ஆஸ்பத்திரி வாசனையே இல்லையே, சரியாகத் துடைக்கிறார்களா?" என்பது. பினாயிலின் நெடி நம் தலைமுறையின் மனத்தில் தூய்மையின் அடையாளமாகப் பதிந்துவிட்டது. உண்மையில், நெடி காற்றில் இருப்பதால் கிருமி தரையில் இல்லை என்று ஆகாது. எலுமிச்சை மணமோ மல்லிகை மணமோ கிருமியைக் கொல்வதும் இல்லை. அவை நறுமணப் பொருள்கள், அவ்வளவே. மேலும் கறுப்புப் பினாயில் போன்ற பீனால் வகைப் பொருள்களைக் குழந்தையின் தொட்டிலிலோ பச்சிளங் குழந்தை படுக்கும் விரிப்பின் அருகிலோ பயன்படுத்தக் கூடாது. இவ்வகைப் பொருள்கள் புழங்கிய குழந்தைகள் பிரிவுகளில், பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் பிலிரூபின் கூடி மஞ்சள் காமாலை ஏற்பட்டது அறியப்பட்ட செய்தி.

வாசனை பற்றிப் பேசும்போது வியன்னா மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் பணியாற்றிய மகப்பேற்று வார்டில் பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்தனர். 1847 ஏப்ரலில் இறப்பு 18 விழுக்காட்டை எட்டியது. பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த மாணவர்களின் கைகளில், சோப்பால் கழுவிய பிறகும் பிண வாடை தங்கியிருந்ததை அவர் கவனித்தார். அந்த வாடையைப் போக்கக்கூடியது எது என்று தேடிக் குளோரின் கலந்த சுண்ணாம்பை, அதாவது நம் பிளீச்சிங் பவுடரை, நீரில் கரைத்துக் கை கழுவச் செய்தார். ஜூன் மாதத்தில் இறப்பு ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்நாளில் கிருமிக் கொள்கை நிலைபெற்றிருக்கவில்லை. அவர் துரத்தியது வாடையை. கிருமி அதனுடன் போயிற்று. இன்று நம் வீடுகளில் பல வேளைகளில் நேர்மாறாக நடக்கிறது. வாடையை மறைத்துவிட்டுக் கிருமியை அங்கேயே விட்டுவைக்கிறோம்.

செறிவும் நேரமும்

கிருமிநீக்கியின் லேபிளில் இரண்டு செய்திகளைத் தேட வேண்டும். முதலாவது செறிவு, அதாவது எவ்வளவு நீரில் எவ்வளவு கலப்பது. இரண்டாவது 'கான்டாக்ட் டைம்', அதாவது மருந்து அந்தப் பரப்பில் காயாமல் ஈரமாக இருக்க வேண்டிய நேரம். பலர் முதலாவதைக் கண்ணளவில் முடிவு செய்கின்றனர். இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை.

செறிவுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தின் செறிவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். லேபிளில் 5 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். கழுவி முடித்த தரைக்கும் கட்டில் கம்பிக்கும் 0.1 விழுக்காடு போதுமானது. அதற்கு 20 மில்லி திரவத்துடன் 980 மில்லி நீர் சேர்த்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். இரத்தச் சிதறலுக்கு 1 விழுக்காடு வேண்டும். 200 மில்லி திரவத்துடன் 800 மில்லி நீர். செவிலியர்கள் 'ஆயிரம் பிபிஎம்' என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தால், அது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, அதாவது இந்த 0.1 விழுக்காடுதான். குளிர்ந்த நீரையே பயன்படுத்த வேண்டும். வெந்நீரில் குளோரின் விரைவில் சிதைந்துவிடும். உலோக வாளி அரிக்கும், பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. நேற்றுக் கலந்ததை இன்று பயன்படுத்த வேண்டாம். வெயில் படும் இடத்தில் வைத்த புட்டியும், வாய் திறந்து ஈரம் ஏறிக் கட்டிபட்ட பிளீச்சிங் பவுடரும் வலுவிழந்தவை. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பயன் என்று எண்ணுவதும் தவறு. தேவைக்கு மேற்பட்ட குளோரின், அறையில் படுத்திருக்கும் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைச் சென்று தாக்கும்.

'எவ்வளவு செறிவு மிகுதியோ அவ்வளவு நல்லது' என்ற எண்ணத்துக்கு ஆல்கஹால் ஒரு நல்ல மறுப்பு. 70 விழுக்காடு ஆல்கஹால் கொல்லும் அளவுக்குத் தூய ஆல்கஹால் கொல்வதில்லை. கிருமியின் புரதங்களைக் குலைப்பதற்கு நீரின் துணை தேவை. நீரற்ற ஆல்கஹால் விரைவில் ஆவியாகியும் விடுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெப்பத்தில் இறுகுவது போல, கிருமியின் புரதம் இங்கே நீரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் குலைகிறது.

இனி நேரம். ஹைப்போகுளோரைட் போன்ற தரைக் கிருமிநீக்கிகள் பலவற்றுக்குப் பத்து நிமிடம் வரை தேவைப்படுகிறது. துடைத்த கையோடு உலர்துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் மருந்து வேலை தொடங்குமுன்னரே அதை அகற்றிவிடுகிறோம். ஊசி போடுமுன் செவிலியர் ஸ்பிரிட் தடவிவிட்டுச் சும்மா நிற்பது போலத் தோன்றும்; அவர் அது உலர்வதற்காகக் காத்திருக்கிறார். பொவிடோன் அயோடின் தடவிய தோலும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் தானாக உலர வேண்டும். அப்போது ஊதி உலர்த்தும் உறவினர்கள் உண்டு. அன்பின் மிகுதிதான், ஆனால் வாயிலுள்ள கிருமிகள் அந்த ஊதலோடு தோலின் மேல் போய்ச் சேர்கின்றன. கழுத்திலோ மார்பிலோ சென்ட்ரல் லைன் பொருத்தப்பட்டவர்கள், அதன் முனையைத் திறக்குமுன் செவிலியர் ஆல்கஹால் துணியால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்க்கிறாரா என்று கவனிக்கலாம். தேய்க்கவில்லையெனில் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் கருதுவதில்லை.

99.9 விழுக்காடு என்ற எண்

விளம்பரங்களில் வரும் இந்த எண் பொய்யன்று. ஆயினும் அது தரும் மனநிறைவு மிகையானது. ஒரு பரப்பில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருந்தால், 99.9 விழுக்காடு இறந்த பிறகும் 1,000 எஞ்சும். ஈ.கோலை பாக்டீரியா, உகந்த ஈரமும் வெப்பமும் உணவும் வாய்க்குமானால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஆயிரம் மீண்டும் பத்து லட்சமாக மூன்றரை மணி நேரம் கூட ஆகாது. எல்லாப் பரப்பிலும் அவ்வளவு வாய்ப்பு அமையாது என்பது நம் நல்லூழ். ஆனால் பாத்திரம் துலக்கும் ஈர ஸ்பாஞ்சிலும், வாளிக்குள்ளேயே விட்டுவைத்த மாப்பிலும் அந்த வாய்ப்பு தாராளமாக அமைகிறது. எனவே துடைத்த துணியை அலசிப் பிழிந்து வெயிலில் உலர்த்துவதும் கிருமிக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே.

'ஆன்டிபாக்டீரியல்' என்று அச்சிட்ட சோப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 2016-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை வீட்டு உபயோகக் கைகழுவு சோப்புகளிலிருந்து விலக்கியது. சாதாரணச் சோப்பையும் நீரையும்விட அவை மேலானவை என்பதற்கு உற்பத்தியாளர்கள் போதிய சான்று தரவில்லை என்பது அது கூறிய காரணம்.

ஸ்டெரைல் என்பது வேறு

கட்டுத்துணி, சிரிஞ்சு, சிறுநீர்க் குழாய் ஆகியவற்றின் உறையில் 'ஸ்டெரைல்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இது 'மிகவும் சுத்தம்' என்று பொருள்படும் சொல் அன்று. உயிருள்ள நுண்ணுயிர் எதுவும், அதன் ஸ்போர் கூட, எஞ்சாத நிலை இது. ஸ்போர் என்பது சில பாக்டீரியாக்கள் தடித்த உறைக்குள் ஒடுங்கி உறங்கும் வடிவம். டெட்டனஸ் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படிக் கிடக்கும். ஸ்டெரைல் என்று முத்திரையிட, அந்தப் பொருளில் ஒரு நுண்ணுயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். முன்பு பார்த்த 99.9 விழுக்காட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவு புரியும்.

கொதிநீர் ஸ்போர்களை முற்றிலும் கொல்வதில்லை. ஆகையால் வீட்டில் கொதிக்கவைத்த கத்தரிக்கோல் கிருமிநீக்கம் செய்யப்பட்டது எனலாம், ஸ்டெரைல் எனக் கூற இயலாது. பாஸ்டரின் உடன்பணியாளர் சார்லஸ் சாம்பர்லாண்ட் 1879-இல் உருவாக்கிய ஆட்டோகிளேவ், நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 பாகை செல்சியஸுக்கு உயர்த்துகிறது. நம் சமையலறைக் குக்கரின் தத்துவமும் அதுவே. கருவிப் பொதியின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றியிருந்தால் அது ஆட்டோகிளேவுக்குள் சென்று வந்தது என்று அறியலாம். உள்ளே இருப்பவை யாவும் ஸ்டெரைல் ஆகிவிட்டன என்று அந்நாடா மட்டும் உறுதி கூறாது. அதற்கு வேறு சோதனைகளும் செய்கிறோம். வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் பொருள்களை எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ காமாக் கதிர்களாலோ ஸ்டெரைல் செய்கின்றனர்.

எந்தப் பொருளுக்கு எந்த நிலை தேவை என்பதை 1968-இல் ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த முறையிலேயே இன்றும் முடிவு செய்கிறோம். இரத்தத்துக்கோ திசுவுக்கோ உள்ளே செல்வது ஸ்டெரைல் ஆக இருக்க வேண்டும். எண்டோஸ்கோப் போல உட்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம். இரத்த அழுத்தமானியின் பட்டை போல முழுத்தோலை மட்டும் தொடுவதற்குச் சுத்தமும் எளிய கிருமிநீக்கமும் போதும். வீட்டில் நோயாளியைப் பேணுவோரும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். புண்ணின் மேல் படும் காஸ் துணி ஸ்டெரைல். அதை வைக்கும் தட்டு கழுவித் துடைத்தது. அருகிலுள்ள மேசை சுத்தமானது. இத்தனைக்கும் ஸ்டெரைல் என்ற நிலை உறையைப் பிரிக்கும் வரைதான். உறை கிழிந்திருந்தாலும், நனைந்து உலர்ந்த கறை இருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் அதை ஸ்டெரைல் என்று கொள்ளக் கூடாது. பாதி காஸை எடுத்துவிட்டு மீதியை நாளைக்கென மடித்து வைக்கும் சிக்கனம் எங்களுக்குப் புரிகிறது. செலவு கருதுவோர் சிறிய பொதிகளாகக் கேட்டு வாங்குவது அதைவிட நல்லது.

கைகள்

சானிடைசர் இருக்கும்போது சோப்பு எதற்கு என்று கேட்போருக்கு விடை சுருக்கமானது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ எண்ணெய்ப்பசையோ இல்லாத கைக்கு ஆல்கஹால் திரவம் போதும். உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, விரலிடுக்கும் கட்டைவிரலும் நகநுனியும் நனையத் தேய்க்க வேண்டும். உணவு உண்ட கை, மண் பட்ட கை, கழிவறை சென்ற கை ஆகியவற்றுக்குச் சோப்பும் ஓடும் நீரும் தேவை. முழுச் செயலுக்கும் 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைப் பேணுவோர் சோப்பையே நம்ப வேண்டும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் உட்கொண்டோருக்கு வரும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை ஆல்கஹால் கொல்வதில்லை. அவற்றைக் கழுவி வெளியேற்றத்தான் முடியும்.

கலக்கக் கூடாதவை

கழிவறை மஞ்சள் கறை போகவில்லை என்று முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுவது நம் வீடுகளில் காணப்படும் மிக ஆபத்தான பழக்கம். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915-இல், படைவீரர்களைக் கொல்வதற்குத் திறந்துவிடப்பட்ட வாயு இது. காற்றைவிடக் கனமானது, சன்னல் சிறுத்த குளியலறையில் தரையோரம் தேங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். பிளீச்சுடன் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களைச் சேர்த்தால் குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு உண்டாகும். இரண்டு பொருள்கள் தேவைப்பட்டால், முதலாவதை நிறைய நீர் ஊற்றி முற்றிலும் கழுவிய பின், வேறொரு நாளில் மற்றதைப் பயன்படுத்துங்கள். எந்தக் கிருமிநீக்கியையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள்; குழந்தை குடித்துவிடும், பார்வை மங்கிய முதியவரும் குடித்துவிடுவார்.

கலந்துவிட்ட பின் கண் எரிந்தாலோ, இருமலோ மார்பு இறுக்கமோ தோன்றினாலோ, கழுவி முடிக்கலாம் என்று அங்கே நிற்க வேண்டாம். உடனே வெளிக்காற்றுக்கு வந்து, முகத்தையும் கண்ணையும் நீரால் கழுவி, ஆடையில் தெறித்திருந்தால் மாற்றிவிட்டு, 108-ஐ அழையுங்கள். சிறிது நேரத்தில் இருமல் தணிந்தாலும் மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போட வேண்டாம். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் உண்டாவது சில மணி நேரம் கழித்தும் நிகழும். வரும்போது, கலந்த இரு பொருள்களின் லேபிளையும் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். சிகிச்சை அளிப்பவருக்கு அதுவே முதலில் தேவைப்படும்.